மண்ணிலா, வலையிலா, பெட்டியிலா: கடற்கரை ஊரில் குதிரைக்குப் புல் வைக்கும் விதம்

திருகோணமலை நிலாவெளி வீதியில் ஆறாம் கட்டைக்கு அப்பால் இருக்கும் என் மச்சான் போன மாசியில் இரண்டு குதிரை வாங்கிக் கட்டினார். ஒன்று லாடம் அடித்த பெரிய ஆண் குதிரை. மற்றது வெறுங்குளம்போடு நடக்கும் மட்டக் குதிரை, பெட்டை. உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களில் விடியவும் பின்னேரமும் கடற்கரையில் சவாரி விடுவது எண்ணம். வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, எனக்குப் போன் எடுத்தார்.

"மச்சான், புல்லை ஆறுதலாத் தின்ன வைக்கிற வலை எண்டு ஒண்டு இருக்காமே. பெட்டியும் இருக்காம். எதை எடுக்கிறது?"

போனிலேயே சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அடுத்த ஞாயிறு போய்க் கொட்டிலைப் பார்த்தேன். உள்ளேயும் வெளியேயும் ஒரே வெள்ளை மணல். அதன் மேலேயே கினிப் புல்லைக் கட்டவிழ்த்துப் போட்டிருந்தார். மட்டக் குதிரை புல்லை முடித்துவிட்டு, கடைசித் துரும்புகளை மேலுதட்டால் மணலோடு சேர்த்துக் கூட்டிக் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தது. குதிரையின் மேலுதடு விரல் மாதிரி வேலை செய்யும். ஆனாலும் ஒட்டிய மணலை விட்டுத் துரும்பை மட்டும் எடுக்க அதற்கு ஏலாது. இங்கே எழுதுவதெல்லாம் அந்த உதட்டைப் பார்த்தபோது தோன்றியதுதான்.

மெல்ல மெல்லத் தின்ன வைப்பது ஏன் என்று முதலில் சொல்ல வேண்டும். குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது. 500 கிலோ குதிரைக்கும் 8 முதல் 15 லீற்றர் வரைதான் கொள்ளும். வாந்தி எடுக்கவும் அதற்கு ஏலாது. அமிலமோ, தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். அது மெல்லும்போது மட்டும்தான் ஊறும். வாய் ஓய்ந்தால் உமிழ்நீரும் ஓய்ந்துவிடும், அமிலம் ஓயாது. இரைப்பையின் மேற்பாதிக்குச் சளிப் படலத்தின் பாதுகாப்பும் கிடையாது. நாலைந்து மணி நேரம் தாண்டி வெறுமையாகக் கிடந்தால் முதலில் புண்படுவது அந்த மேற்பாதிதான். ஒரு கிலோ காய்ந்த புல்லுக்கு 3000 தடவைக்கு மேல் மெல்லும் குதிரை, ஒரு கிலோ தானியத்தை ஆயிரம் தடவைக்குள் முடித்துவிடும். ஆகவே வயிறு நிரம்பத் தீனி வைத்தோம் என்பதில் குதிரைக்குப் பாதி நிம்மதிதான். எத்தனை மணி நேரம் மென்றது என்பதே மீதி.

வெளியில் விட்டால் ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் மேய்வது குதிரையின் இயல்பு. நெடுந்தீவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த அந்தக் கூட்டம் ஓரடி வைக்கும், ஒரு கடி கடிக்கும், அடுத்த அடி வைக்கும். தலை நிமிர்வதே அரிது. நாங்கள் குதிரை கட்டும்போது மாடு வளர்த்த கையோடு வருகிறோம். தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் மாட்டுக்கு விடிய ஒரு தரம், பொழுதுபட ஒரு தரம் வைக்கோல் போட்டால் போதும். மாடு படுத்திருந்து இரவு முழுக்க அசைபோடும். குதிரைக்கு அசைபோட வழியில்லை. ஏழு மணிக்குப் போட்ட புல்லை ஒன்பதரைக்குள் முடித்துவிட்டு, விடியும்வரை வெறும் வயிற்றோடு நிற்கும். அந்த நேரத்தில்தான் மரத்தைக் கடிக்கும், முன்னங்காலால் பறிக்கும், இந்தக் காலும் அந்தக் காலுமாக ஆடிக்கொண்டே நிற்கும். கெட்ட பழக்கம் என்று அதற்கு அடி விழுவதையும் கண்டிருக்கிறேன். பசியில் நிற்கிற உயிரை அடிப்பது பாவம்.

மணலைப் பற்றி எனக்குத் தெரிந்தது படித்து வந்ததல்ல. எட்டு வருடத்துக்கு முன்னர், கச்சான் காற்று அடித்துப் புல்லெல்லாம் கருகிக் கிடந்த ஓர் ஆடி மாதம், என் பெண் குதிரை பின்னேரம் தீனியைத் தொடாமல் படுத்தது. எழும்பும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், மறுபடி படுக்கும். கழுத்தெல்லாம் வேர்வை. மிருக வைத்தியர் வந்து வலிக்கு ஊசி போட்டு, மூக்கால் குழாய் விட்டு மருந்து கொடுத்தார். விடிய நாலு மணிக்கு அது சாணம் போட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் அந்தச் சாணத்தில் நிலம் படாத உருண்டை நாலைந்தை எடுத்து, கண்ணாடிப் போத்தலில் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் போத்தலின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மணல் படிந்து நின்றது, எங்கள் முற்றத்து வெள்ளை மணல்.

அன்று முதல் மாதம் ஒரு தரம் அந்தப் போத்தலை வைத்துப் பார்க்கிறேன். போத்தலில் மணல் வந்தால் உள்ளே மணல் இருக்கிறது என்பது நிச்சயம். வராவிட்டால் இல்லை என்று முடிவுகட்ட ஏலாது. பெருங்குடலின் வளைவில் தங்கியது வெளியே வராமலே கிடக்கும். இசப்கோல் உமி கொடுத்தால் மணல் போய்விடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மணல் வாய்க்குள் போகாமல் பார்ப்பதையே நான் நம்புகிறேன்.

இனி வழிகளுக்கு வருவோம். முதலாவது, எந்தக் கருவியும் இல்லாமல் நிலத்திலேயே வைப்பது. இதை இலேசில் ஒதுக்க மாட்டேன். தலையைத் தாழ்த்தித் தின்பதுதான் குதிரையின் உடல்வாகு. மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வடிய அது உதவும், கழுத்துக்கும் முதுகுக்கும் இதம், கால் சிக்கவும் எதுவும் இல்லை. மணலுக்கு மேல் தடித்த றப்பர் விரிப்போ சீமெந்துத் தளமோ இருந்து, ஒரு நாள் புல்லை ஐந்தாறு தரமாகப் பிரித்துப் போட வீட்டில் ஆள் இருந்தால், வலையும் வேண்டாம் பெட்டியும் வேண்டாம். ஆனால் இரவு ஒரு மணிக்கு எழும்பிப் புல் போட யார் இருக்கிறார்கள்? மிதித்தும் அதன்மேல் சாணம் போட்டும் வீணாக்குவது வேறு. வாடைக் காலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் மழையில் நிலத்துப் புல் நனைந்து ஒரே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணப் புல் வயிற்றுக்கும் ஆகாது, நெஞ்சுக்கும் ஆகாது.

இரண்டாவது வலை. மினசோட்டா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வளர்ந்த குதிரைகளுக்கு ஒரே அளவு காய்ந்த புல்லை நாலு விதமாக வைத்து நேரம் பார்த்தார்கள். நிலத்தில் வைத்ததை முடிக்க 3.1 மணி நேரம். 15.2 சென்ரிமீற்றர் கண் உள்ள வலையில் 3.4 மணி நேரம், 4.4 சென்ரிமீற்றர் கண்ணில் 5.1 மணி நேரம், 3.2 சென்ரிமீற்றர் கண்ணில் 6.5 மணி நேரம். பெரிய கண் வலையைக் கட்டிவிட்டு ஆறுதலாகத் தின்னும் என்று இருப்பவர்கள் முதல் இரண்டு கணக்கையும் பார்க்க வேண்டும். அதில் மிச்சம் பிடிப்பது இருபது நிமிடம்கூட இல்லை. வலை என்றால் கண்தான் கணக்கு.

அந்தக் கண் விஷயத்தில்தான் நான் சறுக்கப் பார்த்தேன். குதிரைக்கென்று விற்கும் வலையை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கும் செலவுக்கு, கடலோரத்தில் பிறந்தவனுக்கு வலை பின்ன ஆள் இல்லையா என்று சல்லி என்ற மீனவக் கிராமத்துக் கடற்கரைக்குப் போனேன். கரைவலை பொத்திக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம் ஒன்றே முக்கால் அங்குலக் கண்ணில் ஒரு பை வேண்டும் என்றேன்.

"அவ்வளவு சின்னக் கண்ணில என்ன மீன் தம்பி பிடிக்கப் போறீங்க?"

"மீனுக்கில்லை அண்ணன், குதிரைக்குப் புல் போட."

அவர் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த வலையில் ஒரு கண்ணுக்குள் இரண்டு விரலை விட்டு இழுத்துப் பிடித்துக் காட்டினார். "நீங்க சொல்றது சதுரத்தின்ர ஒரு பக்கம். நாங்க கண்ணை இப்பிடி இழுத்துப் பிடிச்சு, முடிச்சுக்கு முடிச்சுத்தான் அளக்கிறது. அப்ப உங்களுக்கு வேண்டியது மூண்டரை."

ஒன்றே முக்கால் அங்குலம் என்பது 4.4 சென்ரிமீற்றர். கடையில் 'மூன்றரைக் கண்' என்று கேட்டால்தான் அது கிடைக்கும். ஒன்றே முக்கால் என்று கேட்டு வாங்கியிருந்தால் என் குதிரை நாக்குக்கூட நுழையாத கண்ணை நக்கிக்கொண்டு நின்றிருக்கும். கரைவலையின் மடிபோல அடிப்பக்கம் மூடிய பையாக அவரே பின்னித் தந்தார். எடுத்த நூல் தடித்த முறுக்கு நைலோன். தங்கூசி வலை வேண்டவே வேண்டாம். அந்த மெல்லிய இழை ஈறையும் நாக்கையும் கத்திபோல அறுக்கும். பழைய வலையை எடுக்கிறவர்கள் ஈயக்குண்டு கோத்த அடிக்கயிற்றை முழுதாக வெட்டி எறியுங்கள். ஈயம் நஞ்சு. உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள், முள்ளும் தூண்டிலும் சிக்கியிருக்கிறதா என்று வெயிலில் விரித்துத் தடவிப் பாருங்கள்.

வலையை எங்கே கட்டுவது என்பது அடுத்த பிரச்சினை. உயரக் கட்டினால் தூசியும் விதையும் கண்ணில் கொட்டும், குதிரை கழுத்தைத் திருகித் திருகி இழுக்கும். தாழக் கட்டினால், புல் குறையக் குறைய வலை தொய்ந்து காலுக்கு வரும். வெறுங்குளம்பு 4.4 சென்ரிமீற்றர் கண்ணுக்குள் நுழையாது. லாடத்தின் பின் நுனியோ கொளுவிக்கொள்ளும். கொளுவினால் குதிரை வெருண்டு இழுக்கும், பிறகு தசைநாரோ காலோ போகும். லாடம் அடித்த குதிரைக்குத் தொங்கும் வலை என்றால், வலை முழுதும் வெறுமையாகித் தொங்கும்போதும் அதன் அடி நெஞ்சு மட்டத்துக்குக் கீழே வராதபடி கட்ட வேண்டும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும்.

வலைக்கு எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் பச்சைப் புல். எழுதி வைத்திருக்கிற கணக்கெல்லாம் காய்ந்த புல்லுக்கு. ஆளுயரக் கினிப் புல்லை அப்படியே திணித்தால் இலையை இழுத்துத் தின்றுவிட்டுத் தண்டை விட்டுவிடும். நெருக்கித் திணித்த பச்சைப் புல் நடுவில் சூடேறிப் புளிக்கும். கையை உள்ளே விட்டால் தெரியும், சோற்றுப் பானைச் சூடு. நான் பச்சையைப் பகலில் விரிப்பில் போடுகிறேன். வெயிலில் நன்றாக உலர்த்திய புல் மட்டும் இரவு வலைக்கு. உலர்ந்த புல் தின்னும் குதிரைக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். ஆடி, ஆவணியில் கடலோரக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கினால் உவர்நீரை முகர்ந்துவிட்டுத் திரும்பும் குதிரையும் உண்டு. அந்த மாதங்களில் தொட்டித் தண்ணீர் எவ்வளவு குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பெட்டி. பலகைப் பெட்டிக்குள் புல், அதன் மேல் இரும்புக் கம்பித் தட்டி. புல் குறையத் தட்டியும் இறங்கும். மணல் இல்லை, கால் சிக்காது, தலை தாழ்ந்தே இருக்கும். கேட்க நல்லது, செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பியில் முன்பல் உரசும் சத்தம் இரவில் வீட்டுக்குள் கேட்கும். தட்டி பெட்டியோடு இறுக்கிப் பூட்டியிருந்தால், புல் தாழப் போகப் போகக் குதிரை பல்லையும் ஈறையும் கம்பிக்குள் அழுத்தும். அதைவிட எங்கள் உப்புக் காற்று! கடையில் வாங்கும் கம்பி வலை ஒரு வாடைக்குள் துருப்பிடித்து, பற்றவைத்த இடங்கள் விட்டு, முனைகள் ஊசியாக எழும்பும். நுவரெலியாவில் இது சரிவரலாம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கொட்டிலுக்குக் கம்பித் தட்டியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நாலாவது நான் இப்போது வைத்திருப்பது: பெட்டியின் உடலும் வலையின் வாயும். நீலப் பிளாஸ்ரிக் பரலை முழங்கால் உயரத்தில் குறுக்கே அறுத்து, அறுத்த விளிம்பில் தண்ணீர்க் குழாயை நீளமாகப் பிளந்து கொளுவி, அடியில் தண்ணீர் வடிய ஏழெட்டுத் துளை போட்டேன். உள்ளே புல். மேலே அதே மூன்றரைக் கண் வலையைத் தொய்வாக விரித்து, விளிம்பைச் சுற்றித் துளைகளில் கட்டினேன். புல் இறங்க வலையும் கூடவே இறங்கும். பல்லுக்கு எதிரே இருப்பது நூல், இரும்பல்ல. பரல் உருளாமல் கொட்டில் மூலையில் இரண்டு தூணோடு கட்டி, கீழே றப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். சிந்தும் துரும்பு விரிப்பில் விழும், மணலில் அல்ல. பரல் வாங்கும்போது முன்னர் அதில் என்ன இருந்தது என்று கேட்டு, உணவுப் பொருள் வந்ததை மட்டும் எடுங்கள். மூக்கை விட்டு மணந்து பார்த்துச் சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

இதிலும் குறை உண்டு. லாடம் அடித்த குதிரை முன்னங்காலைத் தூக்கிப் பரலுக்குள் வைத்தால் வலையில் லாடம் மாட்டும். குட்டிகளின் குளம்பு சிறிது, அவற்றுக்கு வலையே கூடாது.

புல்லைச் சின்னச் சின்னக் குவியலாகப் பல இடங்களில் வைத்து நடக்கவிடுவது ஐந்தாவது வழி. பரந்த புல்தரையும் இறுகிய நிலமும் உள்ளவருக்கு அருமையானது. மணல் வளவில் அது பத்து இடத்தில் மணல் தின்னக் கொடுப்பதாகத்தான் முடியும். திருகோணமலைக் கோட்டைப் பக்கம் இருப்பவர் வைத்தால் அங்கே திரியும் மான்களும் பங்குக்கு வந்துவிடும்.

மச்சானுக்கு நான் சொன்ன முடிவு குதிரைக்கு ஒன்றாக இரண்டு. மட்டக் குதிரைக்குப் பரலும் வலையும். மட்டக் குதிரைகள் கொஞ்சத் தீனியிலேயே கொழுக்கும் இனம், கொழுத்தால் குளம்பு அழற்சி வரும். அதற்காகப் பட்டினி போட்டால் வயிறு புண்படும். அளந்த புல்லை நீண்ட நேரத்துக்கு இழுப்பதுதான் இரண்டுக்கும் இடையில் உள்ள பாதை. ஆனால் அளக்க வேண்டும். வலைக்குள் கணக்கில்லாமல் நிரப்பி வைத்தால் அது ஆறுதலாகவே கொழுக்கும். உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கு உலர்பொருள், அதாவது தண்ணீரைக் கழித்த தீனி, என்பது பொதுக் கணக்கு. 280 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5.6 கிலோ வரும். நன்றாகக் காய்ந்த புல்லாக 6 கிலோவுக்குச் சற்று மேல். முழுவதும் பச்சையாகக் கொடுத்தால் ஏறத்தாழ 25 கிலோ. மெலிய வைக்க வேண்டுமானால் மிருக வைத்தியரிடம் கேட்டு 1.5 பங்கு வரை குறைக்கலாம், அதற்குக் கீழே தானாகப் போகக் கூடாது.

லாடம் அடித்த பெரிய குதிரைக்குப் பகலில் விரிப்பில் நாலு தரம், இரவில் நெஞ்சு மட்டத்துக்கு மேல் கட்டிய வலை. இரண்டுக்கும் கடைசித் தீனியை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குத் தள்ளச் சொன்னேன். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றமே வெறும் வயிற்று நேரத்தில் மூன்று மணி நேரத்தைக் குறைக்கும். விடியற்காலைச் சவாரிக்கு அரை மணி முன்னர் ஒரு கிலோ புல் கட்டாயம். வெறும் வயிற்றோடு ஓடும்போது அமிலம் மேலே தெறிக்கும். புல் இருந்தால் அது குளத்துப் பாசிபோல மிதந்து அமிலத்தை அமத்திப் பிடிக்கும்.

வலையை ஒரேயடியாக மாட்டக் கூடாது என்றும் சொன்னேன். முதல் மூன்று நாள் பாதிப் புல் வெளியில், பாதி வலையில். பத்து நாளில் முழுதும் வலைக்கு. சில குதிரைகள் ஆத்திரத்தில் வலையைக் கடித்து உதறும், பரலை மிதிக்கும். அப்படி நின்றால் ஒரு சுற்றுப் பெரிய கண்ணில் தொடங்க வேண்டும். வயதுபோய்ப் பல் விழுந்த குதிரைக்கு இந்த வேலையே வேண்டாம். மென்ற புல்லைப் பாதியில் உருட்டித் துப்புகிறது என்றால் அதற்குத் தேவை பல் பார்க்கும் வைத்தியர்.

எந்த வலையாலும் திருத்த முடியாத ஒன்று எங்கள் தீனிப் பழக்கம். தவிட்டை அள்ளி வைப்பது பாசம் என்று நினைக்கிறோம். தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் குறைவு. கோ-3 போன்ற நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஒக்சலேற்று இருக்கிற கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து நாளாவட்டத்தில் எலும்பிலிருந்து கல்சியத்தை உறிஞ்சி, முகத்தெலும்பு வீங்கி, கால் நொண்டும். கோ-3 தான் கிடைக்கிறது என்றால் கினிப் புல்லையும் வேறு புல்லையும் கலந்து, கல்சியத்துக்கு வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். கினியிலும் ஒக்சலேற்று இல்லாமல் இல்லை, அதனால் கலப்பது முக்கியம்.

மச்சான் சல்லி அண்ணனிடமே இரண்டு வலை பின்னுவித்தார். மூன்று கிழமைக்குப் பிறகு இரவு பதினொன்றரைக்குப் போய்ப் பார்த்தேன். கொட்டிலில் வெளிச்சம் இல்லை. கடல் இரைச்சலுக்கு நடுவே பரலுக்குள்ளிருந்து மெல்லும் சத்தம் மட்டும் கறுக் கறுக்கென்று வந்துகொண்டிருந்தது. டோச் அடித்தேன். மட்டக் குதிரை வலையில் உதட்டை வைத்து ஒரு துரும்பை நெம்பி இழுத்தது, நிமிராமலே மென்றது. வலையின் ஓர் ஓரத்தில் இரண்டு கண் அறுந்திருந்தது. அந்த வெளிச்சத்திலேயே நைலோன் நூல் எடுத்துப் பொத்திவிட்டு வந்தேன்.